சீமாட்டி இருந்த தொட்டி

ஜூன் 4

வாலு,

உன்னை இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் அண்ணன் தன் தங்கைக்கு வைத்த பெயர். வேறு எப்படி ஆரம்பித்தாலும் பேனா நகரவில்லை, அதனால் இருக்கட்டும்.

உங்கள் இறால் குஞ்சு பொரிப்பகத்துக்குப் பல முறை போன் செய்தேன். எப்போதும் மேனேஜர் எடுத்து, நீ குஞ்சுத் தொட்டிகளுக்கு நடுவே இருப்பதாகச் சொல்வார். ஒரே ஒரு முறை நீயே எடுத்தாய். "நான் அண்ணி பேசறேன்" என்றதும் வைத்துவிட்டாய். வைக்கத்தான் செய்வாய், நான்கு வருடக் கோபம். ஆனால் நான் சண்டை போடக் கூப்பிடவில்லை. உன் அண்ணன் விழுந்துவிட்டார்.

கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. முகத்தில் வலது பாதி தொங்கிவிட்டது. பேச்சு சுத்தமாக இல்லை. பயப்படாதே, உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது, வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று டாக்டரைக் கேட்டேன். "புரியலாம், புரியாமலும் இருக்கலாம்மா" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

கூடத்தில் என் தையல் மெஷினை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, சுவரோரமாக இரும்புக் கட்டிலைப் போட்டிருக்கிறேன். படுத்த இடத்திலிருந்து உங்கள் கடல் தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி அவருக்குத் தெரியும். அவர் வேறு எதையும் பார்ப்பதில்லை, வாலு. என்னையும் பார்ப்பதில்லை. விழித்தால் தொட்டி, தூங்கும்வரை தொட்டி. அதற்குள் உங்கள் சீமாட்டி பாறையில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, சிவப்பு விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பாறையில் ஒட்டி வாழும் கடல் பிராணி, கடல் சாமந்தி என்று பெயர்தான். பூவும் இல்லை, மீனும் இல்லை, கூப்பிட்டால் வரும் நாயும் இல்லை. அவள் மேல் உன் அண்ணன் வைத்த பாசத்தில் கால்பங்கு என் மேல் வைத்திருந்தால் நான் இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்திருப்பேன்.

அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தொட்டிப் பக்கம் விட்டதே இல்லை. அவளுக்கு ஏதாவது ஆனால் இந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அப்புறம் என்னால் திருப்ப முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. திட்டிக்கொண்டே எழுதினாலும் சரி.

நேற்று பால் அடியோடு தீய்ந்து கருகி, மாடி வீட்டுக்காரி ஓடி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த லட்சணத்தில் இருக்கிறேன்.

அண்ணி


ஜூன் 12

அண்ணி,

கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது. தீவுக்கு வாரத்துக்கு ஒரு படகுதான். அவசரம் என்றாலும் இதுதான் வேகம்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர், உப்பு உள்ளேயே இருக்கும். அடுப்பில் வைத்தது சுண்டிப்போனால் மேலே உப்பையா கொட்டுவீர்கள்? வடிகட்டிய நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, புதிதாக உப்புக் கரைத்த தண்ணீர் விட வேண்டும். உப்பு மூட்டையும், மிதக்கும் கண்ணாடி அளவுகோலும் தொட்டியின் கீழ் அலமாரியில் இருக்கும். சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. அலை மோட்டாரின் வாயில் பஞ்சு சுற்றியிருக்கிறதா பாருங்கள். அவள் நகர்ந்து போய் அதில் மாட்டினால் தொட்டியே கூழாகிவிடும். வாரம் இரண்டு தரம் சின்ன இறால் துண்டு, நீள இடுக்கியால். கையால் வேண்டாம், சுரீர் என்று பிடிக்கும்.

ஒன்றை முக்கியமாகச் சொல்கிறேன். சில நாள் அவள் பிழிந்து போட்ட துணி மாதிரிச் சுருங்கிக் கிடப்பாள். வாய் பிளந்திருக்கும். பழகாதவர்கள் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். எறியாதீர்கள். கழிவைத் தள்ளும்போது அப்படித்தான் இருக்கும். பிரிவதற்கு முன்னாலும் அப்படி இருக்கும். இவர்கள் இனம் பெருகுவதே பிரிந்துதான். நடு வாயிலிருந்து இரண்டாகி, ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து, இரண்டு முழு உடம்பாகிவிடுவார்கள், சில நேரம் ஒன்று ரொம்பச் சின்னதாகவும் இருக்கும். செத்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூக்குதான் சொல்லும். செத்திருந்தால் வீட்டில் யாரும் நிற்க முடியாத நாற்றம் அடிக்கும். நாற்றம் இல்லையென்றால் உயிரோடு இருக்கிறாள். அவ்வளவுதான்.

அன்று வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த அவளுடைய பாதி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். இங்கே புதுத் தொட்டி, புதுத் தண்ணீர், அது பிழைக்கவில்லை. இருப்பது அவள் ஒருத்திதான்.


ஜூன் 18

வாலு,

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். நான் இதுவரை ஊற்றியது உப்புத் தண்ணீர்தான். இனி அந்தப் பேச்சே வேண்டாம். உப்புக் கரைத்துக் கரைத்து என் கை ஊறுகாயாகிவிட்டது. தைக்க வாங்கி வைத்த பள்ளிக்கூடச் சட்டைகளில் பாதியில் உப்புக் கறை. இறால் துண்டை இடுக்கியால் நீட்டினேன். வாங்கி, விரல்களை மடக்கி, உள்ளே இழுத்துக்கொண்டாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாய் கஞ்சியை உன் அண்ணன் விழுங்குவதற்குள் நான் படும் பாட்டுக்கு, இவள் தங்கம்.

ஆனால் உன் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அலை மோட்டாரைப் பற்றி எழுதியிருக்கிறாய். உப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் கூடப்பிறந்தவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. கல்நெஞ்சம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அது தபாலில் வரும் என்று தெரியாது.

அன்று நடந்ததற்கு நான் நியாயம் பேச வரவில்லை. தீவில் வேலை, தனியாக இருக்கப்போகிறேன் என்று நீ வந்து சொன்னாய். "போறவ இந்த வீட்டுலேர்ந்து ஒரு துரும்பு எடுத்துட்டுப் போகக் கூடாது" என்று அவர் கத்தினார். தப்புதான். அதற்கு நீ செய்தது என்ன? கத்தி வைக்கவே கூடாது, தானாகப் பிரியும்வரை காத்திருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சிறு வயதிலிருந்து வைத்திருந்த சட்டம். சவர பிளேடை எடுத்து, அவர் கண் முன்னால், அவளை வாய்க்கு நடுவே இரண்டாக்கி, ஒரு பாதியை வாளியில் போட்டுக்கொண்டு போனாய். அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது உனக்குத் தெரியாது. மிச்சப் பாதி பிழைத்து முழுதானது. அதற்குப் பிறகு அது பிரியவே இல்லை. தினமும் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்னே தொட்டியைப் பார்ப்பார். "இன்னும் கோபம் போகலை போல" என்பார். யாருடைய கோபம் என்று நான் கேட்டதில்லை.

இப்போது இடது கையால் கட்டில் கம்பியை இடிக்கிறார். காரணமே இல்லாமல் இடிக்கிறார். எரிச்சல் என்கிறார் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருபவர்.

அண்ணி


ஜூன் 26

அண்ணி,

கேட்க வேண்டாம் என்று கேட்காமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். "அண்ணன் எப்படி இருக்கான்" என்று எழுதினால் நீங்கள் பதில் எழுதிவிடுவீர்களே, அதைப் படிக்க வேண்டுமே. உப்பைப் பற்றி எழுதினால் உப்பைப் பற்றித்தான் பதில் வரும்.

சரி, கேட்கிறேன். சாப்பிடுகிறானா? உட்கார முடிகிறதா? வலி இருக்கிறதா? அழுகிறானா?

நியாயம் பேச வரவில்லை என்றீர்கள், நானும் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அவன் கத்தியபோது நீங்கள் அடுப்படி வாசலில்தான் நின்றீர்கள். கையில் கரண்டி. "போகட்டும் விடுங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிளேடை எடுத்திருக்கவே மாட்டேன். எனக்கு நீங்கள் ஒருத்திதான் அந்த வீட்டில் பேச இருந்தீர்கள். பேசவில்லை. போனை வைத்தது அதற்குத்தான். உங்கள் குரல் அப்போது வேண்டியிருந்தது, நான்கு வருடம் கழித்து வந்தால் நான் என்ன செய்ய?

நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், பேசத் தெரியாதவனோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்?

சீமாட்டி இடம் மாறினாளா? மாறியிருந்தால் எழுதுங்கள்.


ஜூலை 3

வாலு,

கரண்டியோடு நின்றேன். பேசவில்லை. ஆனால் இப்போது எழுதப்போவது அதைவிடப் பெரியது. உட்கார்ந்து படி.

சீமாட்டி போய்விட்டாள். நான்தான் கொன்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்த்தால் நீ எழுதியிருந்த மாதிரியே கிடந்தாள். பிழிந்த துணி. வாய் பிளந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. முன்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பாறை மேல் பாதி உடம்புதான் தெரிந்தது. உன் கடிதத்தை எடுத்துவந்து வைத்துக்கொண்டேன். மூக்குதான் சொல்லும் என்று எழுதியிருந்தாய்.

எனக்கு மூக்கு இல்லை, வாலு. போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரிவதில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். பால் தீய்ந்தது அதனால்தான். உன் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று நீ நினைக்கிறாய், இதுவும் ஏன் என்று விட்டுவிட்டேன்.

மாடி வீட்டுக்காரி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்த ஒரே மூக்கு உன் அண்ணனுடையது. கையை விட்டு அவளைத் தடவி, விரலைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். "நாத்தம் அடிக்குதா? செத்துப்போச்சா?" என்று கேட்டேன். அவர் தொட்டியைப் பார்த்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் சுருங்கியது. அருவருப்பில் சுளிக்கிற மாதிரி. உடனே கட்டில் கம்பியை இடிக்க ஆரம்பித்தார். இடி இடி என்று இடித்தார். எடுத்துத் தொலை என்கிறார் என்று நினைத்தேன். கரண்டிக் காம்பால் நெம்பி, பாறையிலிருந்து பிய்த்து, வாளியில் போட்டேன். நான் தூக்கிக்கொண்டு போகப் போக அவர் இடிப்பது அதிகமாயிற்று. "இதோ போயிட்டேன், இதோ போயிட்டேன்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கொல்லைக் குழாயடிக்குப் போனேன்.

குழாயைத் திறந்துவிட்டேன். நல்ல தண்ணீர் மேலே பட்டதும் அவள் கையை மூடுகிற மாதிரி மூடிக்கொண்டாள்.

செத்தது மூடிக்கொள்ளுமா?

ஓடிப்போய்த் தொட்டியில் திரும்பப் போட்டேன். என்னவெல்லாமோ சொல்லிக் கெஞ்சினேன். மறுநாள் கூழாகிவிட்டாள். தண்ணீர் பால் மாதிரிக் கலங்கிவிட்டது. மாலையில் மாடி வீட்டுக்காரி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு நாற்றம் என்றால் என்ன என்று புரிந்தது. முந்தின நாள் காலையில் நாற்றமே அடித்திருக்காது. அவர் எடுக்காதே என்றுதான் இடித்திருக்கிறார். நான் அவர் வாய் பேசாததை வைத்து என் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டேன்.

என்னைத் திட்டி எழுது. தயவுசெய்து எழுது.

அண்ணி


ஜூலை 10

திட்ட எனக்குத் தெம்பு இல்லை, அண்ணி. கடிதத்தைப் படித்துவிட்டுக் குஞ்சுத் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் வந்து என்ன என்றார். வீட்டில் ஒரு சாவு என்றேன்.

மூக்கு விஷயத்தை ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரு வரி! உங்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று நீங்களே முடிவு செய்துகொள்கிறீர்கள், அண்ணன் என்ன நினைக்கிறான் என்றும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். திட்டத் தெம்பு இல்லை என்றேன், பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் அழுகிய தண்ணீர் விஷம். தொட்டியை முழுதாகக் காலி செய்யுங்கள். பாறைகளை வெயிலில் போட்டுவிடுங்கள். மணலை எறிந்துவிடுங்கள். காலித் தொட்டியை அவன் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிடச் சுவரைப் பார்ப்பது மேல். இதையாவது நான் சொன்னபடியே செய்யுங்கள்.


ஜூலை 18

வாலு,

நீ சொன்னபடி செய்யவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே வாளியும் ரப்பர் குழாயும் எடுத்துக்கொண்டு தொட்டியிடம் போனேன். குழாயை உள்ளே விட்டேனோ இல்லையோ, அவர் கம்பியை இடித்தார். சுவர்ப் பக்கம் திரும்புவார் என்று பயந்தேனே, இத்தனை நாளும் அவர் திரும்பவே இல்லை, அந்தக் கலங்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடித்ததும் நான் நின்றுவிட்டேன். இந்தத் தரம் நானாக ஒன்றும் முடிவு செய்யவில்லை. குழாயைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் சொல்றது புரியுதா? புரிஞ்சா ஒரு தட்டு. இல்லேன்னா ரெண்டு" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், புரியாதவர் எப்படி இரண்டு தட்டுவார் என்று. என் புத்தி அப்படி. அவர் ஒன்று தட்டினார்.

நான் அழுத அழுகையில் மாடி வீட்டுக்காரி இறங்கி வந்துவிட்டாள். ஒன்றும் இல்லை போ என்று அனுப்பிவிட்டேன்.

"தொட்டியைக் காலி பண்ணவா?" இரண்டு. "பாதித் தண்ணி மாத்தவா?" இரண்டு. "கால்வாசி?" ஒன்று. "நாளைக்கும் கால்வாசியா?" ஒன்று. இப்படியே கேட்டுக் கேட்டு, எவ்வளவு உப்பு, எந்த மோட்டார், தண்ணீரைத் தெளிய வைக்கும் கரிப்பையை எங்கே வைப்பது என்று எல்லாம் அவர்தான் சொன்னார். கடையில் வேலைக்காரப் பையன்களை விரட்டுவாரே, அதே விரட்டல். கட்டில் கம்பியில் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. செத்தவளுக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் செய்தேன். நான் கேள்வி கேட்டு ஒரு மனிதர் பதில் சொல்கிறாரே, அதற்காகவே இன்னும் பத்துத் தொட்டி கழுவுவேன்.

நேற்று காலை விளக்கைப் போட்டதும் மறுபடி தட்டினார். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, விடாமல். "என்ன? தொட்டியிலயா?" ஒன்று. முன்னால் போய்ப் பார்த்தேன், வெறும் பாறை. "ஒண்ணும் இல்லையே" என்றேன். இரண்டு. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். இரண்டு, இரண்டு, இரண்டு. கோபத்தில் அவர் முகமே சிவந்துவிட்டது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க எங்கேர்ந்து பாக்கறீங்களோ அங்கேர்ந்தே நானும் பாக்கறேன், போதுமா" என்று சொல்லி, கட்டிலில் ஏறி, அவர் தலையணையில் தலையை வைத்துப் படுத்தேன். அவர் விழுந்த பிறகு பக்கத்தில் படுப்பது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து பார்த்தால் பாறையின் பின்பக்கம் தெரிகிறது, வாலு. முன்னால் நின்று எத்தனை நாள் பார்த்தாலும் தெரியாது. அங்கே ஒரு பொந்தில், என் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பாக, குட்டிக் குட்டி விரல்களை விரித்துக்கொண்டு ஒன்று இருக்கிறது.

அங்கே படுத்தபடியே கேட்டேன். "நான் பிச்சப்போ ஒட்டிக்கிட்டு நின்ன துண்டா?" இரண்டு. "அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிருச்சா?" ஒன்று. "அன்னிக்குக் காலையிலயா? அவ சுருங்கிக் கிடந்தது பிரியறதுக்குத்தானா? நீங்க பாத்துட்டே இருந்தீங்களா?"

ஒன்று.

நான்கு வருடம் காத்திருந்தது அன்று காலை நடந்திருக்கிறது. அதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். நான் விரலை நீட்டிக்கொண்டு போய் நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்றும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் என்னால் முடியவில்லை. "அன்னிக்கு மூஞ்சியை ஒரு பக்கமா இழுத்தீங்களே. அருவருப்பா?"

இரண்டு.

"சிரிச்சீங்களா?"

ஒன்று.

விழுந்த பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. பாதி முகம் வேலை செய்யாதவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இத்தனை வருடம் அந்த முகத்தோடு குடும்பம் நடத்தியவள் நான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. குட்டி பிழைத்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும் என்று மாடி வீட்டுக்காரி சொல்கிறாள். படுகிறேன். இதுவும் கூடவே இருக்கிறது.

குட்டி ரொம்பச் சின்னது. நிற்குமா என்று அவரைக் கேட்டேன், அவர் தட்டவில்லை. என்ன ஊட்டுவது, எவ்வளவு சின்னதாக நறுக்குவது, அந்தப் பொந்துக்குள் இடுக்கி எப்படிப் போகும், எனக்குத் தெரியாது. தட்டித் தட்டிச் சொல்வதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. இதற்கு உன் கை வேண்டும்.

அதனால் இன்று காலை, கஞ்சி கொடுத்து முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, கேட்டேவிட்டேன். "வாலுவை வரச் சொல்லவா?"

தட்டவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, வேண்டாம் போல என்று நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அடுப்படி வாசல்வரை போயிருப்பேன். அப்போது ஆரம்பித்தார். ஒன்றில் நிற்கவில்லை. இரண்டிலும் நிற்கவில்லை. கை ஓயும்வரை தட்டினார், ஓய்ந்து, மறுபடியும் தட்டினார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லப்போவதில்லை. அவருக்காக நான் பேசியது போதும். நீயே வந்து கேட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமைப் படகு திரும்பும்போது காலியாகத்தான் வரும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

அண்ணி